ஃபினாஸ்டரைடும் ஆண் மார்பு வீக்கமும்: தொடங்கலாமா, வேண்டாமா?

கேள்வி, 12 ஜனவரி 2025

எனக்கு 26 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. உச்சியில் தோல் தெரியத் தொடங்கிவிட்டது. தோல் மருத்துவர் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. எழுதித் தந்தார். வாங்கி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் அட்டையைக் கிழிக்கவில்லை. இதைச் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வளரும் என்கிறார்கள். முடி போனால் மொட்டை அடித்துக்கொள்ளலாம், மார்பு வந்தால் என்ன செய்வது? சாப்பிட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

13 ஜனவரி 2025, இரவு

சாப்பிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2021 ஜூலையில், 34 வயதில், தினமும் 1 மி.கி. தொடங்கினேன்; ஐந்து மாதம் தொடர்ந்தேன். முதல் இரண்டு மாதம் தலையணையில் முன்பைவிட அதிகமாக முடி கிடந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். நான்காம் மாதத்தில் சீப்பில் வரும் முடி குறைந்தது. அதே மாதத்தில் ஒரு மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, குறுக்கே மாட்டியிருந்த தோள்பையின் பட்டை இடது முலைக்காம்பின் மேல் உரசியதும் சுரீரென்று வலித்தது. சட்டைப் பொத்தான் குத்தியதாக நினைத்தேன். இரவு குளிக்கும்போது சோப்புக் கையோடு தடவிப் பார்த்தால், காம்புக்கு நேர் கீழே சுண்டைக்காய் அளவில், ரப்பர் போல, அழுத்தினால் லேசாக நழுவும் ஒரு கட்டி இருந்தது. வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. நான்கு மாதமாக முடியைத் தவிர வேறெதையும் நினைக்காதவன், அன்று இரவு முடியை ஒரு கணமும் நினைக்கவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "சூட்டுக் கட்டியா இருக்கும் சார், இளநீர் குடிங்க" என்றார். இரண்டு வாரம் இளநீர் குடித்தேன். இளநீர் நன்றாக இருந்தது.

பிறகு பார்த்த அறுவை மருத்துவர் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விதைப்பையையும் பரிசோதித்தார். எதற்கு என்று விழித்தேன். விதையில் வரும் சில கட்டிகள் மார்பு வீக்கமாகத்தான் முதலில் வெளியே தெரியும் என்று விளக்கினார். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயால், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல் என்று இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். எல்லாம் சரியாக இருந்தன. ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுரப்பித் திசு தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. சுண்டைக்காய் மட்டும் சுண்டைக்காயாகவே இருக்கிறது, இன்று வரை.

14 ஜனவரி 2025

மாத்திரை தலைக்குப் போகிறது, மார்பில் ஏன் வீங்குகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாத்திரை தலைக்கு மட்டும் போவதில்லை என்பதுதான் விஷயம். நம் உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி. என்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக வழுக்கை வரக்கூடிய தலையில் முடிவேர்களைச் சுருக்குவது அந்த டி.எச்.டி.தான். ஃபினாஸ்டரைடு அந்த நொதியைத் தடுக்கிறது, இரத்தத்தில் டி.எச்.டி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. மாறாமல் தங்கிப்போன டெஸ்டோஸ்டிரோன் பத்து, பதினைந்து சதவீதம் உயர்கிறது. அதில் கொஞ்சத்தை அரோமட்டேஸ் என்ற வேறொரு நொதி பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பின் சுரப்பித் திசுவைப் பொறுத்தவரை ஈஸ்ட்ரோஜன் வளரச் சொல்லும், ஆண் ஹார்மோனோ வளராதே என்னும். தட்டு லேசாகச் சாய்ந்தாலே சிலருடைய மார்பு அதை உணர்ந்துவிடுகிறது, பலருடைய மார்பு உணர்வதே இல்லை.

அரோமட்டேஸ் அதிகமாக இருக்கும் இடம் கொழுப்பு. நான் 2020, 2021 ஆண்டுகளில் வீட்டிலிருந்தே வேலை பார்த்து ஏழு கிலோ ஏறியிருந்தேன். மாத்திரையைக் குறை சொல்லும்போது இந்த ஏழு கிலோவை நான் யாரிடமும் சொன்னதில்லை.

14 ஜனவரி 2025, பிற்பகல்

பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தேன். ஐந்து மாதம் இல்லை, நான்கரை மாதம்.

19 ஜனவரி 2025

எண்கள் கேட்கிறீர்கள். புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் 18,882 ஆண்களை வைத்து ஏழு ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2003-இல் வெளிவந்தது. அதில் ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதத்தினருக்கு மார்பு வீக்கம் வந்தது. நூறு பேரில் நான்கைந்து பேர். திருமணப் பந்தியில் ஒரு வரிசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சிறிய எண் இல்லை.

20 ஜனவரி 2025

நேற்று எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது, பந்தி உவமை உட்பட. அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.8 சதவீதத்தினருக்கு மார்பு வீக்கம் வந்தது. அவர்கள் எல்லோரும் 55 வயதைத் தாண்டியவர்கள்; அந்த வயதில் மாத்திரை இல்லாமலே மார்பு வீங்குவது உண்டு. ஆகவே மாத்திரையின் கணக்கில் எழுத வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி மட்டும்: நூறு பேரில் இரண்டு பேருக்கும் குறைவு, அதுவும் ஏழு ஆண்டுகளில். இன்னும் பெரிய பிழை, அவர்கள் சாப்பிட்டது 5 மி.கி., நாம் பேசுவது 1 மி.கி.

5 மி.கி. மாத்திரை 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடிக்கான 1 மி.கி. வந்தது 1997 டிசம்பரில். ஐந்து மி.கி.யை நான்கு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில் முதல் ஆண்டில் மார்பு வீக்கம் 0.5 சதவீதம், வெற்று மாத்திரையில் 0.1, அடுத்த மூன்று ஆண்டுகளில் 1.8, வெற்று மாத்திரையில் 1.1. முடிக்காக 1 மி.கி. கொடுத்த ஆய்வுகளில் மார்பு வலியும் வீக்கமும் வெற்று மாத்திரைக்காரர்களுக்கு வந்த அளவுக்குத்தான் வந்தன என்று மருந்தின் விவரத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மருந்து விற்பனைக்கு வந்த பிறகு 1 மி.கி. சாப்பிட்டவர்களிடமிருந்தும் புகார்கள் வந்து, அவையும் விவரத்தாளில் ஏறின.

மறுதட்டில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகள் 1 மி.கி. சாப்பிட்டவர்களில் 83 சதவீதத்தினர் உச்சியில் இருந்த முடி எண்ணிக்கையை இழக்கவில்லை. வெற்று மாத்திரையில் அது 28 சதவீதம். என் சுண்டைக்காய்க்காக இந்த எண்ணை மறைத்தால் அது நேர்மை ஆகாது.

2 பிப்ரவரி 2025

தனக்கும் மார்பு வளர்ந்துவிட்டது என்று மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் எடை கூடியதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்கள். கொழுப்பு சேர்ந்து மார்பு தொங்குவது வேறு, சுரப்பி வளர்வது வேறு. சோதித்துப் பார்ப்பது எளிது: மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரத்திலும் வைத்து மெல்லக் காம்பை நோக்கி நகர்த்த வேண்டும். கொழுப்பாக இருந்தால் விரல்கள் தடையில்லாமல் காம்பு வரை வந்து சேரும். சுரப்பியாக இருந்தால் காம்புக்கு அடியில் நடுமையத்தில் வட்டமான, உறுதியான ஒரு வில்லை விரலில் தட்டுப்படும். புதிதாக வந்ததென்றால் தொட்டாலே வலிக்கும். கல் போலக் கடினமாக இருப்பது, காம்பிலிருந்து விலகி ஓரத்தில் இருப்பது, காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிவது, தோல் உள்ளிழுத்திருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் இங்கே எழுதிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் உண்டு, மிக அரிது என்றாலும். ஃபினாஸ்டரைடு சாப்பிட்டவர்களில் அப்படிச் சிலர் பதிவானதால் 2009 டிசம்பரில் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை.

9 பிப்ரவரி 2025

குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்வந்தேன். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2022-இல் போனபோது நான் செய்ததை இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். முடி கொட்டத் தொடங்கியிருந்ததால் வெயிலுக்கு என்று சொல்லித் தலையில் துண்டைப் போட்டிருந்தேன். வாசலில் சட்டையைக் கழற்றியதும் அந்தத் துண்டை இறக்கி மார்பில் போர்த்திக்கொண்டேன். பின்னால் நின்ற மைத்துனர், "மாமா, ஒரு துண்டை வெச்சு எத்தனை இடத்தைத்தான் காப்பாத்துவீங்க" என்றார். உங்கள் கேள்வியை அவரைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டுவிட முடியாது.

இந்த முறை துண்டு பையிலேயே இருந்தது. வரிசையில் நின்றவர்களின் மார்புகளைக் கவனித்தேன், இத்தனை ஆண்டும் நான் கவனிக்காமல் விட்டவை. என்னைவிட அதிகம் உள்ளவர்கள் வரிசை முழுக்க இருந்தார்கள், அதில் பாதிப் பேருக்குத் தலையில் அடர்ந்த முடி.

23 பிப்ரவரி 2025

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். திருச்செந்தூரிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவிடம் துண்டு கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, "உனக்கு ஒன்பதாவது படிக்கிறப்பவே அந்த இடம் வலிச்சுதே, பனியனை இறுக்கிப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சியே, நான்கூட மஞ்சள் பற்றுப் போட்டேனே" என்றார். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு, அந்த வயதில் கிணற்றில் குளிக்கப் போனால் சட்டையைக் கடைசியாகக் கழற்றுபவன் நான்தான் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

வளரிளம் பருவத்தில் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறிதளவாவது மார்பு வீக்கம் வருகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாக வடிந்துவிடுகிறது, சிலருக்கு ஒரு சிறு வில்லை எஞ்சிவிடுகிறது. அப்படியானால் என் சுண்டைக்காய் 2021-இல் முளைத்ததா, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கிடந்து 2021-இல் விழித்துக்கொண்டதா? வலி மாத்திரையோடு வந்தது, மாத்திரையை நிறுத்தியதும் போனது. அந்த அளவில் மாத்திரைக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். வில்லை யாருடையது என்று இனி எந்த ஸ்கேனும் சொல்லாது. முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முந்தைய நாள் நான் ஐந்து நிமிடம் ஒதுக்கி மார்பைத் தொட்டுப் பார்த்துத் தேதியோடு குறித்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே இருந்திருக்காது. தலையை மட்டும் எட்டுக் கோணத்தில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

ஆகவே 13 ஜனவரி குறிப்பில் "மாத்திரையால் வந்தது" என்ற தொனி இருந்தால், அதைப் பாதியாகக் குறைத்துப் படியுங்கள்.

9 மார்ச் 2025

ஃபினாஸ்டரைடு சரிப்படாவிட்டால் அதே வகை மருந்தான டூட்டாஸ்டரைடு எடுக்கலாமே என்கிறார் ஒருவர். அது டி.எச்.டி.யைத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது, முடிக்கும் கூடுதலாக வேலை செய்கிறது. தென் கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கே அனுமதி பெற்றிருக்கிறது. நான் தயங்குவது வேறு காரணத்தால். ஃபினாஸ்டரைடு சில மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும், நிறுத்தினால் இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய நிலைக்கு வந்துவிடும். டூட்டாஸ்டரைடு பாதியாவதற்கே ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். மார்பு வலித்த அன்றே நிறுத்தினாலும் அது மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். புதிதாக வளரும் சுரப்பித் திசு முதல் சில மாதங்களில் மென்மையாக, வலியோடு இருக்கும். அப்போது காரணத்தை நீக்கினால் வடிய வாய்ப்பு அதிகம், தேவைப்பட்டால் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையும் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஓராண்டு கடந்தால் நார்த்திசுவாக இறுகிவிடும், பிறகு கத்திதான். மாதங்கள் இவ்வளவு முக்கியமாக இருக்கும் இடத்தில், போகச் சொன்னால் உடனே போகிற மருந்தே எனக்கு மேல்.

10 மார்ச் 2025

5 மி.கி. மாத்திரையை வாங்கி நான்காக உடைத்துச் சாப்பிட்டால் மலிவு என்று எழுதியவருக்கு: கணக்கு சரி, ஆனால் உடைக்கும்போது பறக்கும் தூள் கர்ப்பிணிப் பெண்கள் மேல் படக்கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். வீட்டில் யார் அருகில் இருக்கிறார்கள் என்று பார்த்து உடையுங்கள், அல்லது உடைக்காதீர்கள்.

27 ஏப்ரல் 2025

முடி வளரத் தரும் மற்றொரு மருந்தான மினாக்சிடிலுக்கும் மார்புக்கும் தொடர்பே இல்லை என்று வேறோர் உரையாடலில் எழுதியிருந்தேன். தலையில் தடவும் திரவத்துக்கு அது சரி; அது ஹார்மோன் பக்கமே போவதில்லை. நானும் 2023 முதல் அதைத்தான் தடவுகிறேன், நெற்றியில் வழியும் பிசுபிசுப்பைத் தவிரக் குறை இல்லை. ஆனால் மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது, அந்த மாத்திரையின் விவரத்தாளில் நூறில் ஒருவருக்கும் குறைவாக மார்பகத்தில் தொட்டால் வலி வந்ததாக ஒரு வரி இருக்கிறது. இப்போது குறைந்த அளவில் அதே மாத்திரையை முடிக்கு எழுதுகிறார்கள் என்பதால் திருத்திக்கொள்கிறேன்.

ஃபினாஸ்டரைடையே தலையில் தடவினால் உடலுக்குள் போகாதே என்பவர்களுக்கு: போகும், குறைவாகப் போகும். பூச்சு மருந்தை மாத்திரையோடு ஒப்பிட்ட 2021 ஆய்வில் இரத்த டி.எச்.டி. மாத்திரைக்கு 55 சதவீதமும் பூச்சுக்கு 34 சதவீதமும் குறைந்தது. கடைகளில் கலந்து தரும் ஃபினாஸ்டரைடு பூச்சுகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாதம்தான் எச்சரித்திருக்கிறது.

11 மே 2025

மார்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணத்தை ஃபினாஸ்டரைடு மாத்திரைகளின் பக்கவிளைவாக இந்த வாரம் உறுதிசெய்திருக்கிறது. பயன் இன்னும் அபாயத்தைவிட மேலோங்கியே இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பாலுறவு நாட்டம் குறைவதும் உண்டு, மார்பு வீக்கத்தைவிட அதிகமாக. 1 மி.கி. ஆய்வுகளில் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகள் 3.8 சதவீதம், வெற்று மாத்திரையில் 2.1. மார்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதையே எல்லோரும் கேட்கிறோம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

15 ஜூன் 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த மருந்தின் கதை டொமினிகன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பூப்படையும் வயதில் ஆணாக மாறினார்கள். ஹார்மோன் ஆய்வாளர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி அவர்களை ஆராய்ந்து 1974-இல் எழுதினார்: அவர்களுக்கு அந்த 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கை விழவில்லை. அந்தக் குறைபாட்டை மாத்திரையால் உண்டாக்க முடிந்தால் என்ன என்பதுதான் ஃபினாஸ்டரைடு. நம் பேச்சுக்கு வேண்டியது இது: அவர்களுக்கு மார்பு வளர்வதில்லை. டி.எச்.டி. குறைவு மட்டுமே மார்பை வளர்த்துவிடாது, இருக்கிற உடலில் அது எதைச் சாய்க்கிறது என்பதைப் பொறுத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். என் உடலில் ஏழு கிலோ காத்துக்கொண்டிருந்தது.

17 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஜூன் தொடக்கத்தில், மார்பைத் தொட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்று தேதியோடு எழுதிவைத்துவிட்டு, அட்டையைக் கிழித்திருக்கிறார். இப்போது வலது காம்பு வலிக்கிறதாம், கட்டி தட்டுப்படவில்லை. தினமும் எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கணக்கு வைக்கவில்லை, குளிக்கும்போதும் படுக்கும்போதும், வேலைக்கு நடுவிலும் என்றார்.

அவ்வளவு கிள்ளினால் மாத்திரை சாப்பிடாதவனுக்கும் வலிக்கும். இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். 1 செப்டம்பர் காலையில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை பாருங்கள். அப்போதும் வலித்தாலோ வில்லை தட்டுப்பட்டாலோ அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு, எழுதித் தந்த மருத்துவரிடம் குறிப்போடு போங்கள். இளநீர் வேண்டுமானால் போகிற வழியில் குடிக்கலாம்.